கரி எங்கே போனது

என் அண்ணி படகு கழுவும் வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாத்தனார் என்றால் கொஞ்சமாவது முறுக்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்த வயது அது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அப்போது எனக்கு முப்பத்தாறு.

அதற்கு முன் பதினோரு வருடம் அண்ணி ஒரு சலவைக்கடையில் இருந்தார். கடையின் பின்னறையில் அவருக்கென்று ஒரு மேசை, ஒரு விளக்கு. யாராலும் எடுக்க முடியாத கறை எல்லாம் அந்த மேசைக்கு வரும். அண்ணி எடுத்தவுடன் தேய்க்க மாட்டார். துணியை விளக்கடியில் விரிப்பார், விரலால் தடவுவார், முகர்ந்து பார்ப்பார். "இது என்னன்னு தெரியாம கை வெச்சா, கறை இன்னும் உள்ளதான் போகும்" என்பார். கடைக்காரருக்கு முழங்கால் தேய்ந்து கடையை மூடினார். அங்கே இப்போது செல்போன் விற்கிறார்கள்.

என் அண்ணன் ஒரு பயணிகள் படகில் எஞ்சின் பார்ப்பவர். அகலமான கழிமுகத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அரை மணி நேரம். ஒரு நடைக்கு எண்பது பேர். படகைக் கழுவிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனதும், "நான் வரட்டுமா?" என்று அண்ணியே கேட்டிருக்கிறார்.

"ஊர்ல வேற வேலையே இல்லையா?" என்று நான் அண்ணனிடம் குதித்தேன்.

"அவ போறேங்கறா, எனக்கு என்ன பிரச்சினை? நீ ஏன் குதிக்கிற?" என்று அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

படகு முழுக்க வெள்ளை. ஆனால் பின்பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்து யாரும் பார்த்ததில்லை. அங்கே, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, இடது ஓரத்தில் எஞ்சினின் புகைக்குழாய் வெளியே வருகிறது. காலையிலிருந்து நாலு நடை போய் வந்தால் குழாயைச் சுற்றி விசிறி விரித்தாற்போல் டீசல் கரி அப்பியிருக்கும். மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை படகுக்கு ஓய்வு. அந்த இரண்டு மணி நேரம்தான் அண்ணிக்கும் கரிக்கும் வழக்கு.

முதல் நாள் அண்ணி தோற்றுப்போனார். பின்பக்கம் கட்டியிருந்த சின்ன மிதவையில் நின்று, பழைய ஆள் விட்டுப்போன முரட்டு பிரஷையும் சோப்புத்தூளையும் வைத்துக்கொண்டு காய்ந்த கரியைத் தேய்த்தார். ஒரு முறம் அளவு இருந்த கறுப்பு ஒரு கதவு அளவுக்குப் பரவியது. மேலேயிருந்து எட்டிப் பார்த்த கேப்டன், "அக்கா, படகுக்கு வேற கலர் அடிக்கச் சொல்லி யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார். கேப்டன் அண்ணியைவிடச் சின்னவர், சிரித்த முகம். அண்ணிக்கு அழுகை வந்துவிட்டதாம். அழவில்லை. பிரஷைத் தூக்கி மிதவையின் மூலையில் போட்டார். அதை அதற்கப்புறம் அவர் தொடவே இல்லை.

மறுநாள் சலவைக்கடை மூளையோடு போனார். கரியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். மேலே இருப்பது பொடி, அடியில் இருப்பது பிசுக்கு. அப்படியானால் முதலில் தண்ணீரை மெல்ல ஊற்றிப் பொடியைக் கழுவிவிட வேண்டும், அழுத்தக் கூடாது. அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து, மெத்தென்ற துணியால் கீழேயிருந்து மேலே போக வேண்டும். மேலேயிருந்து கீழே வந்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த இடத்தில் ஓடிக் கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும். துணியை மடித்து மடித்துப் புதுப் பக்கத்தைக் காட்ட வேண்டும். கடைசியில் நன்றாகத் துடைத்து மெழுகு பூச வேண்டும். பூசினால் மறுநாள் கரி உட்கார்ந்தாலும் ஒட்டிக்கொள்ளாது. இதையெல்லாம் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மாதம் ஆனது. இரண்டாவது மாதம், அக்கரையில் இறங்கிய பயணிகள் திரும்பி நின்று, "புதுப் படகு விட்டிருக்காங்களா?" என்று கேட்டார்கள்.

வீட்டில் இதுவே பேச்சாகிவிட்டது. "உங்க எஞ்சின் இன்னிக்கு ரொம்பக் கக்கிடுச்சுங்க" என்பார் அண்ணி. "எண்பது பேரை இழுத்துட்டுப் போகுது. நீ இழுத்துப் பாரு, நீயும் கக்குவ" என்பார் அண்ணன். கீழே அவர் எஞ்சின் அறையில், வெளியே இவர் மிதவையில். நடுவில் ஒரு சுவர். வேலை நேரத்தில் பேசிக்கொள்ள முடியாது. அதனால் அண்ணி மிதவையில் ஏறியதும் படகின் சுவரை மூன்று தட்டு தட்டுவார். உள்ளேயிருந்து அண்ணன் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவார். "வந்துட்டேன்", "சரி" என்று அர்த்தம். ஐம்பதை நெருங்கும் மனுஷருக்கும் மனுஷிக்கும் என்ன விளையாட்டு என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

இப்படி இரண்டு வருடம் போனது. மூன்றாவது வருடம் மழை தொடங்கும் சமயத்தில் படகின் பின்பக்கம் தானாகவே சுத்தமாக ஆரம்பித்தது.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. விசிறியின் ஓரம் கொஞ்சம் சுருங்கியது. அடுத்த வாரம் இன்னும் சுருங்கியது. ஒன்றேகால் மணி நேரம் பிடித்த வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மேனேஜர் படகுத்துறைக்கு வந்தபோது பார்த்துவிட்டு, "பிரமாதம்மா. என்ன மெழுகு அது? மத்த படகுக்கும் வாங்கிடலாம்" என்று பாராட்டினார். வேறு யாராவது என்றால் பாராட்டை வாங்கி முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள். அண்ணி வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அதே எஞ்சின், அதே டீசல், அதே எட்டு நடை" என்றார். "கரி மட்டும் எப்படிங்க குறையும்?"

"குறைஞ்சா சந்தோஷப்படு" என்றார் அண்ணன்.

"மெழுகு பூசினா கரி சுலபமா வரும். வராமலே இருக்காது. அவ்வளவு கரியும் எங்கதான் போகுது?"

"என்னைக் கேட்டா? கடல்ல கேளு." அண்ணன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

அந்த நாட்களில் அண்ணனுக்குத் தலைவலி. வேலை முடிந்து வந்தால் தலை இடிக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்பார். வயதாகிறது, கண்தான் காரணம் என்று நானே அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடி போட வைத்தேன். கண்ணாடி அவருக்கு நன்றாகத்தான் இருந்தது. தலைவலியும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் சிரித்துப் பேசிக்கொண்டு இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

"இன்னிக்குத் தலைவலி இல்லையா அண்ணா?"

"இல்லையே. போன ஞாயிறும் இல்ல."

"பரவாயில்லையே, தலைவலிக்கும் வாராவாரம் லீவு விடறாங்க போல!" என்றேன் நான்.

அண்ணி கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்தார். எழுந்து துவைக்கப் போட்டிருந்த துணிக்கூடைக்குப் போனார். எஞ்சின் அறையில் அண்ணன் முகம் துடைக்கிற துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். விரலால் தடவினார், முகர்ந்தார். எங்களைப் பார்த்துத் திரும்பியபோது அவர் முகமே சரியில்லை.

"இது எண்ணெய் அழுக்கு இல்லங்க. பொடி. நான் தினமும் வெளியில துடைக்கிற அதே பொடி. உங்க மூக்கைத் துடைச்ச இடத்துல இருக்கு."

அண்ணனுக்குக் கோபம் வந்தது. எஞ்சினைக் குறை சொன்னால் அவரைக் குறை சொன்ன மாதிரி. "எஞ்சின் அறைன்னா பூந்தோட்டமா இருக்கும்? குழாயை நான் பார்க்கிறேன், எனக்குத் தெரியும். எப்படியும் வியாழக்கிழமை சர்வீஸ் இருக்கு, அப்போ பிரிச்சுக் காட்டறேன், போதுமா?"

போதாது என்று அண்ணிக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை இருக்கைகளைத் துடைக்கிற சாக்கில் ஒரு புது வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு படகுக்குள் போனார். புகைக்குழாய் எஞ்சினிலிருந்து கடைசி வரிசை இருக்கைகளுக்கு அடியில் ஓடித்தான் வெளியே வருகிறது. சூடு தாங்குவதற்காகக் குழாய் முழுக்கத் தடித்த பட்டை சுற்றியிருக்கும். குழாயில் என்ன நடந்தாலும் மேலே தெரியாது. அண்ணி கடைசி வரிசையில் மண்டியிட்டுத் தரைப்பலகைகளின் இடுக்கில் துணியை விட்டு இழுத்தார். துணி கறுப்பாக வந்தது. அதை மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்துக்கொண்டார். கேப்டனிடம் காட்டினார். கேப்டன் அசட்டை செய்யவில்லை; அன்றைக்கே மேனேஜருக்குச் சொன்னார். மேனேஜரும், "வியாழக்கிழமை முதல் வேலையா அதைப் பார்க்கச் சொல்றேன்" என்றார். யார் மேலும் பெரிய தப்பில்லை. எல்லோரும் வியாழக்கிழமை என்றார்கள். நடந்தது புதன்கிழமை.

அன்று காலையிலிருந்தே கொட்டுகிற மழை. எஞ்சின் அறைக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்க அண்ணன் மேல்மூடியை இழுத்துச் சாத்திக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார். இரண்டரை மணிக்குப் படகு கிளம்ப வேண்டும். எஞ்சினை ஓட விட்டாகிவிட்டது. ஆனால் ஊருக்குள்ளிருந்து வரவேண்டிய பஸ் மழையில் மாட்டிக்கொண்டது. பயணிகளை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் கேப்டன் காத்திருந்தார். பத்து நிமிடம், இருபது நிமிடம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

அண்ணி படகுத்துறைக் கொட்டகையில் ஒதுங்கி நின்று படகின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதுதானே அவர் வேலை. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால் குழாய்க்கு நேரே தண்ணீரில் ஒரு கறுப்பு வட்டம் மிதக்கும். அன்று வட்டம் இல்லை. குழாயிலிருந்து வந்த புகையும் நோயாளி மூச்சு விடுகிற மாதிரி கொஞ்சமாக வந்தது. கடைசி வரிசை ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் சாம்பல் பூத்திருந்தது.

அண்ணி மழையில் ஓடினார். படகில் ஏறி, எஞ்சின் அறை மூடியின் மேல் குனிந்து மூன்று தட்டு தட்டினார். பதில் இல்லை. மறுபடியும் மூன்று. ஸ்பேனர் சத்தம் வரவில்லை.

"கேப்டன் தம்பி! எஞ்சினை நிறுத்துங்க! என்ன ஏதுன்னு அப்புறம் கேளுங்க, முதல்ல நிறுத்துங்க!"

அப்படி ஒரு குரலை அக்காவிடம் அதற்கு முன் கேட்டதில்லை என்று கேப்டன் சொன்னார். கேள்வி கேட்காமல் நிறுத்தினார். படகில் கயிறு கட்டும் வேலை பார்ப்பவரை எல்லோரும் மலை என்றுதான் கூப்பிடுவார்கள்; பார்த்தால் ஏன் என்று தெரியும். மலை ஓடிவந்து மூடியைத் தூக்கினார். உள்ளேயிருந்து சூடாகப் புகை மேலே வந்தது. ஏணிக்குப் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்த வாக்கில் சுவரில் சாய்ந்து கிடந்தார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி மார்பில் கிடந்தது.

மலை காலை உள்ளே வைத்துவிட்டார். அண்ணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இறங்காதீங்க! காத்து வரட்டும். நீங்களும் விழுந்தா உங்களை யார் தூக்கறது?"

சலவைக்கடையில் ஒரு தடவை மருந்துத் தொட்டி அறைக்குள் ஒருவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் அவர் மேலேயே விழுந்ததை அண்ணி பார்த்திருக்கிறார். புருஷன் கண் எதிரே கிடக்கும்போது அது அவருக்கு ஞாபகம் வந்ததே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. முன்கதவு, பின்கதவு, காற்றுப்போக்கி எல்லாவற்றையும் திறந்தார்கள். மலை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். அண்ணி இருபது வரை எண்ணினார். வாய்விட்டு, ஒவ்வொன்றாக. தன் வாழ்நாளிலேயே அவ்வளவு நீளமான இருபதைக் கேட்டதில்லை என்று மலை சொல்வார். இருபது என்றதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அண்ணனை மாவு மூட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார்.

மழைத்தண்ணீர் முகத்தில் விழ, அண்ணன் இருமினார், வாந்தி எடுத்தார். பிறகு குழறலாக, "இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டார். கேப்டன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாராம்.

அப்போதுதான் அந்தப் பஸ் வந்து சேர்ந்தது. டிரைவர் நிலைமையைப் பார்த்தார். பயணிகளைத் திரும்பிப் பார்த்தார். "படகு எப்படியும் போகாது. ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்துடலாமா?" என்றார். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நாற்பது பேரும் வந்த வழியே திரும்பிப் போனார்கள், கடைசி சீட்டை என் அண்ணன் படுக்க விட்டுவிட்டு. அவர்களில் ஒருவரின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. யாரோ ஒரு அம்மா தன் சால்வையை மடித்து அவர் தலைக்கு வைத்திருக்கிறார். அது இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. திருப்பித் தர ஆளைத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா அண்ணனின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார். "ஆக்ஸிஜன் தொண்ணூத்தெட்டு காட்டுது, நல்லாத்தானே இருக்கு. தலையில ஏதாவது இருக்கான்னு ஸ்கேன் பார்த்துடலாம்" என்றார். அண்ணி அந்தப் பிளாஸ்டிக் பையைப் பிரித்து, கறுத்த துணியை எடுத்து அவர் எதிரே நீட்டினார்.

"டாக்டர், இது அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்துல துடைச்சது. டீசல் புகை. ஒரு மாசமா மூச்சில போயிட்டிருக்கு. வேலைக்குப் போற நாள் தலைவலி, லீவு நாள் இல்ல."

டாக்டரம்மா துணியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். உடனே முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுக்கச் சொன்னார். ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்தபோது அவரே வெளியே வந்து அண்ணியிடம் சொன்னார்: "புகை விஷம் ரத்தத்துல ஏறியிருந்தா அந்தக் கிளிப்புக்கு வித்தியாசம் தெரியாது. நல்லா இருக்குன்னே காட்டும். நீங்க சொல்லலைன்னா நான் ஸ்கேனுக்கு அனுப்பிட்டுக் காத்திருப்பேன். நல்லவேளை சொன்னீங்க."

நான் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். கையெல்லாம் மையோடு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, அண்ணி ஆஸ்பத்திரியின் நீளத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தார். பத்து நாற்காலி காலியாக இருந்தது.

"உட்காருங்க அண்ணி."

"வேணாம்மா. சட்டை, பாவாடை எல்லாம் கரி. சேர்ல பிடிச்சுக்கும், சுலபத்துல போகாது."

தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணி."

"எதுக்கு?"

"நீங்க இந்த வேலைக்குப் போனப்போ மூணு நாள் உங்ககூட பேசாம இருந்தேனே."

அண்ணி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படியா? நான் கவனிக்கவே இல்லையே" என்றார்.

அழுதுகொண்டே சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் அவர் அன்றைக்கு முதல்முறையாக அழுதார்.

மறுநாள் சர்வீஸ்காரர்கள் குழாயின் பட்டையைப் பிரித்தார்கள். குழாய் வளைகிற இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு. பட்டைக்குள்ளே கரி அடைஅடையாக இருந்தது. வெளியே போகவேண்டிய புகையில் பாதிக்கு மேல் உள்ளேயே போயிருக்கிறது. பட்டைக்கு மேலாக மட்டும் பார்த்துப் பார்த்து நம்பியிருந்த அண்ணன், ஆஸ்பத்திரிப் படுக்கையில் செல்போனில் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "நான் பார்த்தேன்னு சொன்னேனே" என்றார். மேனேஜரைச் சொல்ல வேண்டும்: ஒன்பது நாள் படகை நிறுத்திப் புதுக் குழாய் போட்டார். எஞ்சின் அறையிலும் இருக்கைகளுக்கு அடியிலும் புகை விஷத்துக்கு அலறுகிற சின்னப் பெட்டிகளை மாட்டினார். மற்ற படகுகளையும் பார்க்கச் சொன்னார். கடைசி வரிசையில் தினமும் உட்காருகிற ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், "எனக்கும் ஒரு மாசமா தலை கிறுகிறுன்னு இருந்துச்சும்மா, சுகர்னு நெனைச்சேன்" என்று சொல்லி அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். படகு மறுபடி ஓடிய முதல் நாள் மதியம், பின்பக்கத்தில் பழைய அளவுக்கு விசிறி விரித்துக் கரி அப்பியிருந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்த ஒரே ஆள் உலகத்தில் என் அண்ணியாகத்தான் இருப்பார்.

அண்ணன் மூன்று வாரம் கழித்து வேலைக்குப் போனார். நன்றி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை, அப்போதும் வரவில்லை. ஆனால் இப்போது எஞ்சினில் சந்தேகம் எது வந்தாலும் மிதவைக்கு இறங்கிப் போய், "இன்னிக்கு எப்படி இருக்கு, பாரேன்" என்று அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்.

விஷயம் படகுத்துறை முழுக்கப் பரவியது. மீன் படகுக்காரர்கள், சரக்குப் படகுக்காரர்கள் என்று ஒவ்வொருவராக வந்து, "எங்க படகையும் ஒரு தடவை பாருங்கம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி ஒரு பையில் வெள்ளைத் துணிகளை எடுத்துக்கொண்டு போகிறார். பின்பக்கக் கரியைப் பார்ப்பார், தடவுவார், முகர்வார். உள்ளே இடுக்குகளில் துணியை ஓட்டிப் பார்ப்பார். "இது சரியா இருக்கு", "இதைப் பிரிச்சுப் பாருங்க", இவ்வளவுதான் சொல்வார். இதுவரை இரண்டு படகுகளில் அவர் பிரிக்கச் சொன்ன இடத்தில் ஓட்டை இருந்தது.

போன ஞாயிறு நானும் கூடப் போயிருந்தேன். அண்ணி ஒரு மீன் படகின் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கரையில் நின்று பையையும் அவருடைய செருப்பையும் பிடித்துக்கொண்டிருந்தார். படகுக்காரர் புதியவர் போல. அண்ணனை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாருங்க, அம்மாகிட்ட வேலை பார்க்கறீங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் செருப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஆமாங்க" என்றார். "அவங்க வீட்டுக்காரர்."